எல்லாளனின் தேரும் ஒரு கப்பல் சக்கரமும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல் வாசலுக்கு வாறீங்க. கழட்டி வச்ச செருப்பைக் காணல்ல. அந்த இடத்தில் அதே நிறம், அதே அளவு, கொஞ்சம் தேய்ஞ்ச வேறொரு சோடி கிடக்கு. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வளர்ந்த ஒருவருக்கு இது ஒருமுறையாவது நடந்திருக்கும். இப்ப கேள்வி இதுதான்: உங்கட செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் கள்ளனா?

"சேச்சே, மாறிப் போட்டிருப்பார்" என்றுதான் சொல்வோம். ஆனால் வெளியில் இருந்து பார்த்தால் கள்ளன் செய்வதற்கும் இவர் செய்ததற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு பேரும் உங்களுக்குச் சொந்தமான பொருளை உங்கட சம்மதம் இல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். வித்தியாசம் முழுக்க எடுத்தவரின் மனசுக்குள் இருக்கு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு களவுக்கு வரைவிலக்கணம் கொடுக்கும்போது, நேர்மையற்ற முறையில் எடுக்கும் எண்ணத்தைக் கட்டாயமாக்குகிறது. அந்த எண்ணம் இல்லையென்றால் அங்கே களவு இல்லை. செருப்பு மாறியிருக்கு, அவ்வளவுதான்.

குற்றவியல் சட்டத்தின் அரிச்சுவடி இது. ஒரு குற்றம் நிற்க இரண்டு கால் வேண்டும். ஒன்று செயல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் இதில் அடங்கும். மற்றது அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த குற்ற மனம். லத்தீனில் ஆக்டஸ் ரேயஸ், மென்ஸ் ரேயா என்பார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். மனசுக்குள் ஆயிரம் பேரைத் திட்டலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கை தவறி ஒருத்தரைக் காயப்படுத்தினால் நட்டஈடு கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் அதனால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள்.

எங்கட ஊர்களில் இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. "நிய்யத்" என்ற சொல் ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் நோன்புக்கு நிய்யத் வைக்கவில்லை என்றால் அது வெறும் பட்டினி. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதே கணக்கைக் குற்றத்துக்கும் போட்டார்கள். குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 92, 93ஆம் வசனங்கள் தவறுதலாக நடந்த கொலையையும் வேண்டுமென்று செய்த கொலையையும் பிரித்துப் பேசுகின்றன. தவறுதலான கொலைக்கு, இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடும் கொன்றவருக்குப் பரிகாரமும் சொல்லப்படுகிறது. பிறகு வந்த சட்ட அறிஞர்கள் நடுவில் மூன்றாவது ஒரு வகையையும் சேர்த்தார்கள்: அடிக்க நினைத்தான், கொல்ல நினைக்கவில்லை, ஆனால் ஆள் செத்துப்போனார்.

அப்படியானால், மனசில் இருந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிஞர்கள் கையில் இருந்த ஆயுதத்தைப் பார்க்கச் சொன்னார்கள். இமாம் அபூ ஹனீஃபா வெட்டுகிற, கிழிக்கிற ஆயுதத்தைக் கொலை எண்ணத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபோ, வழமையாக உயிரைப் போக்கக்கூடிய எந்தப் பொருளையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. பெரிய கல்லைத் தலையில் போட்டுவிட்டு "என்னிடம் கத்தி இருக்கவில்லையே" என்று தப்ப முடியாது. இன்றைக்கும் மேல் நீதிமன்றங்களில் கொலை வழக்கு நடக்கும்போது என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை அடி என்றுதான் கேட்கிறார்கள். மனசைத் திறந்து பார்க்க வழியில்லாததால், மனசு வெளியில் விட்டுச்சென்ற தடங்களைப் பார்க்கிறார்கள்.

இனி எல்லாளனிடம் வருவோம்.

கன்றின் மீது தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் அதைத் திருவாரூரில் நடந்ததாகப் பாடினார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையே இருக்கு. அதே கதை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாளி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயத்தில், அனுராதபுரத்தை 44 வருசம் ஆண்ட எல்லாளனின் கதையாக இருக்கு. எல்லாளனின் மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் போகிறான். வழியில் தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறிவிடுகிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கிறான்.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது நீதிக்கு உச்சம் இதுதான் என்று நினைத்தோம். சட்டக் கண்ணோடு வாசித்தால் இடிக்குது. மகாவம்சமே மகன் வேண்டுமென்று செய்யவில்லை என்கிறது. செயல் இருந்தது, குற்ற மனம் இல்லை. இன்றைய நீதவான் ஒருவர் முன்னால் இந்த வழக்கு வந்தால், கவனமாக ஓட்டினானா இல்லையா என்பதுதான் விசாரணையாக இருக்கும். மரண தண்டனை என்ற பேச்சே வராது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு சம்பவமும் இருக்கு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லாளன் பிக்குமாரை அழைக்கச் சேதிய மலைக்குத் தேரில் போகிறான். தேரின் நுகம் முட்டி அங்கே இருந்த தூபி ஒன்று சேதமாகிறது. இதுவும் தெரியாமல் நடந்ததுதான். அமைச்சர்கள் சொன்னதும் அரசன் தேரிலிருந்து குதித்து வீதியில் விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் துண்டிக்கச் சொல்கிறான். அமைச்சர்கள் மறுக்கிறார்கள். புத்தர் பிறருக்குத் துன்பம் செய்வதை விரும்பாதவர், தூபியைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். பெயர்ந்தது 15 கல். அதைச் சரிசெய்ய எல்லாளன் 15,000 கஹாபணம் செலவழித்தான் என்று மகாவம்சம் எழுதுகிறது.

ஒரே நூல், ஒரே அரசன், இரண்டு விபத்து. கன்றுக்காக மகனுக்கு மரணம். தூபிக்காக அரசனுக்குத் திருத்த வேலை. மகன் விசயத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் பார்க்கப்பட்டது. அரசன் விசயத்தில், நடந்த சேதத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்க்கப்பட்டது. தமிழ் பேசிய, பௌத்தர் அல்லாத ஓர் அரசன் தூபியைச் சேதப்படுத்திய கதையை எழுதிய பிக்கு, அதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்பதையும் மறக்காமல் பதிந்துவைத்தார். இதை ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க, திரும்பி வருவோம்.

ஐரோப்பாவிலும் இந்தக் கருத்து மதத்தில் இருந்துதான் சட்டத்துக்குள் வந்தது. குற்ற மனம் பற்றிய லத்தீன் வாசகத்தின் வேர், வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் வாழ்ந்த புனித அகுஸ்தீன் பொய்ச் சத்தியம் பற்றிச் செய்த ஒரு பிரசங்கத்தில் இருக்கு. பொய் என்று தெரிந்து சொல்பவனும், உண்மை என்று நம்பித் தவறாகச் சொல்பவனும் ஒன்றா என்பதே அங்கே பிரச்சினை. 12ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் சட்ட நூலொன்றுக்குள் நுழைந்தது. 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் எழுதிய பிறகு ஆங்கிலச் சட்டத்தின் நிரந்தர வாசகமாகிவிட்டது.

இலங்கைக்கு அது வந்தது இந்தியா வழியாக. 1834இல் இந்தியாவுக்கு வந்த மெக்காலே தலைமையில் ஒரு சட்ட ஆணைக்குழு 1837இல் தண்டனைச் சட்ட வரைவு ஒன்றை முடித்தது. அது சட்டமானது 1860இல். அதைப் பார்த்து, சில மாற்றங்களோடு, இலங்கை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. 1885 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே குற்றவியல் விசயங்களை ஆண்டது ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டம்.

சுவாரசியம் என்னவென்றால், அந்தச் சட்டக்கோவையில் மென்ஸ் ரேயா என்ற சொல்லே கிடையாது. மெக்காலே லத்தீனைத் தவிர்த்தார். "குற்ற மனம்" என்ற ஒரு பெரிய மூட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு குற்றத்துக்குள்ளும் அதற்குத் தேவையான மனநிலையைச் சொற்களாகப் பிரித்து வைத்தார்: எண்ணம், அறிவு, நேர்மையின்மை, மோசடி, துணிச்சலான அசட்டை, கவனயீனம்.

இந்தச் சொற்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று பார்க்க எங்கட அக்கரைப்பற்று – கல்முனை மெயின் ரோட்டையே எடுப்போம். ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து மோதி இன்னொருத்தர் இறந்துபோகிறார். நாலு விதமாக யோசிங்க. முதலாவது, ஓட்டியவருக்கு இறந்தவரோடு பகை. கண்டதும் வேகத்தைக் கூட்டி நேராக மோதினார். இது கொல்லும் எண்ணம். இரண்டாவது, பகை இல்லை. ஆனால் பெருநாள் கூட்டத்துக்குள் முழு வேகத்தில் விட்டால் யாரோ ஒருத்தர் சாவார் என்பது தெரியும், தெரிந்தே விட்டார். இது அறிவு. மூன்றாவது, ஆபத்து என்று தெரிந்தும் "ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையில் ரேஸ் ஓடினார். இது அசட்டைத் துணிச்சல். நாலாவது, போனைப் பார்த்துக்கொண்டு வந்தார், ஆள் குறுக்கே வந்ததைக் காணவே இல்லை. இது கவனயீனம்.

செத்தவர் வீட்டு ஜனாஸா நாலிலும் ஒன்றுதான். சட்டம் பிரிக்குது. வேண்டுமென்று கொன்றால் 294, 296ஆம் பிரிவுகளின் கீழ் கொலை. தண்டனை மரணம், 1976க்குப் பிறகு அது நிறைவேற்றப்படவில்லை என்றாலும். அசட்டையாலோ கவனயீனத்தாலோ மரணம் நடந்தால் 298ஆம் பிரிவு. அதிகபட்சம் ஐந்து வருசச் சிறை. தூக்குமரத்துக்கும் ஐந்து வருசத்துக்கும் நடுவில் நிற்பது ஓட்டியவரின் மனசு மட்டும்தான்.

மனம் இன்னும் பக்குவப்படாதவர்களையும் சட்டம் விலக்கி வைத்திருக்கு. எட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றம் ஆகாது என்றுதான் பழைய 75ஆம் பிரிவு இருந்தது. 2018இல் அந்த வயசைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். 72ஆம் பிரிவு, நேர்மையாக ஒரு விசயத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு செய்தவருக்கு இடம் விடுகிறது. செருப்பு மாறியவருக்கு ஆறுதல் இந்த வகையில்தான்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கு. பிரச்சினை, பயம் நிறைந்த ஒரு காலத்தில் அடுத்தவன் மனசில் இருந்தது என்ன என்று முடிவெடுக்க வரும்போது.

1920களில் லாகூரில் நபிகளாரை இழிவுபடுத்தும் ஒரு நூல் வந்தது. வெளியிட்டவரைத் தண்டிக்க அப்போதிருந்த சட்டத்தில் சரியான பிரிவு இல்லை என்று 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு. அதே வருசம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. அதன் சொற்களைப் பாருங்க: "வேண்டுமென்றே, கெடுநோக்கோடு" மத உணர்வைப் புண்படுத்துவது. அந்த இரண்டு சொல்லும் சும்மா வந்து விழவில்லை. சட்டமூலத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த முஹம்மத் அலி ஜின்னா, வரலாறு எழுதுபவர்களும் நேர்மையாக மதத்தை விமர்சிப்பவர்களும் இதில் மாட்டிவிடக் கூடாது என்று வலியுறுத்தினார். இலங்கைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் இதே குடும்பம். அங்கேயும் வெறும் செயல் போதாது, திட்டமிட்ட எண்ணம் வேண்டும்.

இப்ப எங்கட மாவட்டத்துக்கே வருவோம். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டி கிடக்குது என்று ஒருவர் சத்தம் போடுகிறார். அது சிங்களவரை மலடாக்கும் குளிசை என்ற கதை உடனே பரவுது. கடையில் இருந்தவரைச் சூழ்ந்து "போட்டாயா?" என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். பயத்தில் அவர் "ஓம்" என்று தலையாட்டிய வீடியோ நாடு முழுக்கப் போகுது. கடை உடைபடுது, அந்த நகரத்துப் பள்ளிவாசல் தாக்கப்படுது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரிந்தது: அது மாவுக் கட்டி. அதற்குள் ஒரு வாரம் கழித்து திகனையும் எரிந்து முடிந்துவிட்டது.

இங்கே குற்றத்தின் முதல் காலான செயலே நடக்கவில்லை. கூட்டம் முதலில் மனசைக் கண்டுபிடித்தது: "இவனுகளுக்கு இப்படி ஓர் எண்ணம் இருக்கு." எண்ணம் முடிவான பிறகு செயலைத் தேடுவது லேசு. மாவுக் கட்டியும் குளிசையாகிவிடும். ஆளைச் சூழ்ந்து நின்று பிடுங்கிய "ஓம்" ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

2019 ஜனவரியில், ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஒரு பழைய தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்ததற்காக ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர்கள் எட்டுப் பேர் கைதானார்கள். விளக்கமறியலில் இருந்து, தண்டப்பணத்தோடு வெளியே வந்தார்கள். ஏறியது பிழை. தொல்பொருளைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு அந்தக் கேள்வி போதும். ஆனால் அன்றைக்கு முகநூலில் நடந்த விசாரணை ஏறியதைப் பற்றியதாகவே இருக்கவில்லை. "பௌத்தத்தை அவமதிக்கத்தான் ஏறினார்கள்" என்று நாட்டில் பாதிப் பேர் அவர்கள் நிய்யத்தை வாசித்து முடித்திருந்தார்கள். எல்லாளனின் அமைச்சர்கள் கேட்ட கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஏப்ரல் 21. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26இல், சாய்ந்தமருது வீட்டில் நடந்த வெடிப்பு. அந்த வீட்டுக்காரர்கள் மீது முதலில் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள்தான். ஆனாலும் அடுத்த மாதங்களில் எங்கட ஊர்களில் ஒவ்வொரு அரபுப் புத்தகமும் ஒவ்வொரு உடுப்பும் சாட்சிப் பொருளானது.

மே மாதம், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் போட்டிருந்த உடுப்பில் ஒரு சக்கரம். பொலிஸாருக்கு அது தர்மச் சக்கரமாகப் பட்டது. உண்மையில் அது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம். கடையில் விற்கிற சாதாரணத் துணி. இரண்டு வாரத்துக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். பயன்பட்ட சட்டங்களில் ஒன்று 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். பகைமையையும் வன்முறையையும் தூண்டும் வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த சட்டம் அது. பத்து வருசம் வரை சிறை. அப்போது நீதவான் பிணை கொடுக்க முடியாமல் இருந்தது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது. நாலு வருசம் கழித்து உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பொறுப்பதிகாரியை 30,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வருசம் இதே சட்டத்தில் முஸ்லிம்கள் மட்டும் மாட்டவில்லை. ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார நாலு மாதம் உள்ளே இருந்தார்.

2020 மே மாதம், மன்னார் இளைஞர் அஹ்னாஃப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். காரணம் "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களிடம் கவிஞனின் எண்ணம் என்ன என்ற கேள்வி போனது. ஒன்றரை வருசத்துக்குப் பிறகு பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

சட்டம் கடைசியில் சரியாகத்தான் வேலை செய்தது என்று ஆறுதல் படலாம். ஆனால் கடைசி வரைக்கும் போகிற பாதையைப் பாருங்க. குற்ற மனத்தை வழக்குத்தொடுநர்தான் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். அது விசாரணை தொடங்கிய பிறகு வரும் பாதுகாப்பு. பிணை கிடைக்காத சட்டத்தின் கீழ் கைதானவருக்கு விசாரணைக்கு முன்பே தண்டனை நடந்து முடிந்துவிடும். ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கைது செய்ய முன் "இதில் என்ன எண்ணம் இருக்கலாம்?" என்று ஒரு நிமிசம் யோசிக்கவில்லை என்றால், நீதிபதி பிறகு நூறு பக்கத்தில் யோசித்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராது.

இதற்கு மறுபக்கமும் இருக்கு. "எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்பது எல்லோருக்கும் வசதியான வாசகம். கூட்டத்தைக் கூட்டியவரும் அதைத்தான் சொல்வார், வீடியோவைப் பரப்பியவரும் அதைத்தான் சொல்வார். அதனால்தான் சட்டம் எண்ணத்தோடு நிற்காமல் அறிவு, அசட்டை என்று படி படியாக வைத்திருக்கு. எரியும் என்று தெரிந்தே பரப்பினால், "எரியணும் என்று நினைக்கல்ல" என்பது முழுப் பதில் ஆகாது.

கடைசியாக எங்களைப் பற்றி. நாங்கள் இந்தக் கதைகளில் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் என்று சொன்னால் அது பொய். எங்கட ஊரில் ஒரு பிள்ளை கவிதை எழுதினால், ஒரு பெண் வேறு மாதிரி உடுத்தால், ஒருத்தர் மார்க்க விசயத்தில் கேள்வி கேட்டால், வட்ஸ்அப் குரூப்பில் முதல் வருகிற செய்தி என்ன? "இவர்ட நோக்கம் எங்களுக்குத் தெரியும்." கேட்டுப் பார்த்தோமா? இல்லை. ஹசலக்கப் பொலிஸ் உடுப்பில் தர்மச் சக்கரத்தைக் கண்ட அதே கண்ணால்தான் நாங்களும் பார்க்கிறோம், கையில் விலங்கு இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

நிய்யத் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளது என்று சின்ன வயசில் இருந்து ஓதிக்கொடுத்திருக்காங்க. அடுத்தவன் நிய்யத்தை வாசிக்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை என்ற அர்த்தமும் அதில் இருக்கு. நீதிமன்றமே சாட்சியம், ஆயுதம், சூழ்நிலை என்று சுற்றி வந்து, தயங்கித் தயங்கித்தான் ஒரு முடிவுக்கு வருது.

வாற வெள்ளி செருப்பைக் காணாவிட்டால் கொஞ்சம் நில்லுங்க. மாறிப் போட்டவர் பாதி வழியில் கால் உறுத்தித் திரும்பி வரக்கூடும்.